இடது பக்கம் மட்டும் ஒரு படி

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதம். சம்பா அறுவடை முடிந்திருந்த நேரம். பட்டுக்கோட்டைக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவே, பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒரு கிராமத்து வயல்காட்டில், வடிகால் வாய்க்காலின் ஓரமாக எங்கள் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. உள்ளே நான். வெளியே, வண்டி கவிழ்ந்துவிடாமல் இருக்க மறுபக்கத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு என் கணவர். இது எப்படி நடந்தது என்று சொல்வதற்கு முன்னால் அந்த வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வண்டியைப் பற்றிச் சொன்னால் இவரைப் பற்றியும் சொல்லாமல் முடியாது.

நான் அதிராம்பட்டினத்துக்காரி. ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் ஊரில் எங்களைப் போன்ற குடும்பங்களில் கல்யாணமான பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுடையது. இவர் கல்யாணமான கையோடு வளைகுடாவுக்குப் போனவர். லீவில் வருவார், பெட்டியைத் திறப்பார், எல்லோருக்கும் கொடுப்பார், பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவார். இருக்கும் நாளெல்லாம் வீட்டில் கோழி மணக்கும். ஃபேனுக்கு நேர் கீழே இவருக்கென்று ஒரு நாற்காலி விழும்.

அந்த வருஷம் கம்பெனியில் ஆள் குறைத்துவிட்டார்கள் என்று ஒரேயடியாகத் திரும்பி வந்தார். ஆனால் வீட்டுக்கு அது உறைக்கவே இல்லை. மாதக்கணக்கில் ஆகியும் என் உம்மா கோழிக் குழம்பை நிறுத்தவில்லை, நாற்காலியும் நகரவில்லை. இவரும் தண்ணீர் வேண்டுமென்றால் சமையற்கட்டு வாசலில் நின்று லேசாகச் செருமுவார். மகள் பள்ளியில் "எங்க வாப்பா வந்திருக்காங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். "எப்ப போறாங்க?" என்று தோழிகள் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் தெரியாமல் அவள் என்னிடம் வந்து கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

நானும் லேசுப்பட்ட ஆள் இல்லை. தனியாகவே எல்லாவற்றையும் பார்த்துப் பழகியவள். குழாய் ஒழுகுகிறதே என்று இவர் எழுந்து போனால், "நீங்க உக்காருங்க, ஆள் வரும்" என்று சொல்லிவிடுவேன். மரியாதைக்குச் சொன்னதாகத்தான் நினைத்திருந்தேன்.

அப்போதுதான் இவர் தஞ்சாவூருக்குப் போய், பழைய ஃபோர் வீல் டிரைவ் எஸ்.யூ.வி. ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். வளைகுடாவில் லீவு நாட்களில் கூட்டாளிகளோடு பாலைவன மணலில் வண்டி ஓட்டப் போவாராம். அந்தப் பைத்தியம் விமானத்தில் கூடவே வந்துவிட்டது. வீட்டை ஒட்டிய ஓலைக் கொட்டகையில் வண்டியை நிறுத்தினார். அதன் பிறகு இவரைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டிக்கு அடியில் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

விஷயம் பரவி, புதிதாக வண்டி வாங்கியவர்கள் யோசனை கேட்க வர ஆரம்பித்தார்கள். வீட்டுக்குள் நாலு வார்த்தை பேசாத மனுஷர் கொட்டகையில் பிரசங்கமே செய்வார். "வாங்குன கையோட எதையும் மாத்தாதீங்க. கம்பெனி குடுத்தபடியே கொஞ்ச நாள் ஓட்டுங்க. வண்டிக்கு என்ன குறைன்னு அதுவே சொல்லும்" என்பார். முதலில் நல்ல டயர். அப்புறம் வண்டி மாட்டிக்கொண்டால் இழுக்க முன்னாலும் பின்னாலும் உறுதியான கொக்கி, ஒரு கயிறு, மண்வெட்டி, டயர் காற்றைக் குறைக்கவும் ஏற்றவும் கருவி. அடிவயிற்றுக்கு ஒரு இரும்புத் தகடு. உயரம் கூட்டுவதெல்லாம் கடைசியில்தான், அதுவும் கொஞ்சமாக. ரொம்பத் தூக்கினால் வண்டி சாயும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்காமல் எதையும் பூட்டாதே. கண்ணைக் கூசும் விளக்கெல்லாம் வேடிக்கைக்கு. தனி வண்டியாக எங்கேயும் போகாதே. இப்படி நீளும். பக்கவாட்டுப் படி வேண்டவே வேண்டாம், முதலில் அதைக் கழற்றி வீசுங்கள், மேட்டில் இடித்து வண்டியை மாட்டிவிடும் என்பதும் அதில் உண்டு. வாங்கி வந்த அன்றைக்கே தன் வண்டியின் இரண்டு படிகளையும் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டார்.

அதன் பிறகு புது ஸ்பிரிங் போட்டு வண்டியைக் கொஞ்சம் உயர்த்தினார். மண்ணைக் கடிக்கிற பெரிய டயர்கள் வந்தன. எல்லாம் முடிந்த அன்று ஒரு ரவுண்டு போகலாம் வா என்றார். நான் குள்ளம். புர்காவோடு ஒரு காலைத் தூக்கி வைக்கப் பார்த்தேன், எட்டவில்லை. கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன், செருப்புதான் கழன்று விழுந்தது. எதிர்வீட்டு மாடியில் ஆள் சேர்ந்துவிட்டது. உம்மா சமையற்கட்டிலிருந்து பிளாஸ்டிக் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். எனக்கு வந்ததே கோபம்.

"இது எனக்கான வண்டி இல்லன்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

சில நாள் கழித்துப் பள்ளியிலிருந்து வந்தபோது வண்டியின் இடது பக்கத்தில், நான் உட்காரும் கதவுக்குக் கீழே, ஒரு படி இருந்தது. கனமான இரும்புக் குழாயை வளைத்து, மேலே சொரசொரப்பான தகடு வைத்து, போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். வலது பக்கத்தில் ஒன்றும் இல்லை. யோசனை கேட்க வந்த ஒருவர், எங்கள் ஊரில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல், "என்ன காக்கா, படியே கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிட்டு..." என்று சிரித்தது எனக்குக் கேட்டது. இவர் என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. நானும் அந்தப் படியில் உடனே ஏறிவிடவில்லை. ரோஷம்.

அந்த வாரம்தான் வளைகுடாவிலிருந்து போன் வந்தது. பழைய மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போயிருக்கிறாராம், இவரைக் கூப்பிடுகிறாராம், விசா தயாராம், திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டுமாம். உம்மாவுக்குச் சந்தோஷம். "மாப்பிள்ளைக்கு நல்ல இடமா அமைஞ்சிருச்சு" என்று எல்லோரிடமும் சொன்னார். இவர் என் முகத்தையே பார்த்தார். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். போகாதீங்க என்று சொல்ல வேண்டும் போலத்தான் தொண்டை வரைக்கும் வந்தது. போகத்தான் மனசு இருக்கிறதோ, நாம் எதற்குத் தடுக்க வேண்டும் என்று ஒரு வீம்பு அதை அங்கேயே நிறுத்திவிட்டது. "உங்க இஷ்டம்" என்றேன். கல்யாணமானதிலிருந்து ஒவ்வொரு லீவு முடிவிலும் நான் சொன்ன அதே வார்த்தைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், "ஒரு தடவ வர்றியா?" என்றார். மகளை உம்மாவிடம் விட்டுவிட்டு, முதல்தடவையாக அந்தப் படியில் கால் வைத்து ஏறினேன். முழங்காலுக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

தார் ரோட்டை விட்டு வயல்காட்டு மண்பாதையில் இறங்கினோம். அறுத்த நெல்தாள் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. இவருக்கு ஒரே குஷி. "பாரேன், அறுத்துட்டாங்க, சும்மா கெடக்கு. அப்படியே உள்ள எறங்கி ஒரு சுத்து சுத்துனா பாலைவனம் மாதிரியே இருக்கும்" என்றார்.

"நல்லாருக்கே! கீழ குனிஞ்சு பாருங்க, பச்சை தெரியுதா? அது உளுந்து" என்றேன். இந்தப் பக்கத்தில் நெல் அறுப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னாலேயே, பயிர் நிற்கும்போதே, ஈரமண்ணில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்து எடுக்கும்போது தாளுக்கு நடுவே உளுந்து இரண்டு இலை விட்டிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் வயல்தான். கடைத்தெருவில் வளர்ந்து பாலைவனத்தில் உழைத்தவருக்கு அது எப்படித் தெரியும்? என் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் விவசாய வீட்டுப் பிள்ளைகள், அதனால் எனக்குத் தெரியும். "அடடா" என்று வண்டியைப் பாதையின் நடுவுக்கே கொண்டுவந்தார்.

கொஞ்ச தூரத்தில் பாதையை அடைத்துக்கொண்டு ஒரு டிராக்டர் டிரெய்லர் நின்றது. ஒரு புருஷனும் பெண்சாதியும் வைக்கோல் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இப்போதெல்லாம் மெஷின்தான் வைக்கோலைச் சுருட்டி உருளை உருளையாகக் கட்டிப் போடுகிறது. அந்த ஆள் கையைக் காட்டி, இருங்கள் எடுக்கிறேன் என்று சைகை செய்தார். இவருக்குப் பொறுமை இருந்தால்தானே. வலது பக்கம் வயலில் அரைச் சக்கரம் ஏற்றினால் தாராளமாகப் போகலாம். ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் லேசாகத் திருப்பியவர், கீழே பார்த்தார், திரும்ப இடது பக்கமே ஒடித்தார். இடது பக்கம் வடிகால். அதன் கரை மேலே காய்ந்து வெடித்திருந்தது, உள்ளே களிமண் ஈரம். பொலபொலவென்று சரிந்தது.

மணலில் ஓட்டிய பழக்கம், நின்றால் புதைந்துவிடும் என்று ஆக்சிலேட்டரை மிதித்தார். களிமண்ணில் அது வேலைக்கு ஆகவில்லை. இடது சக்கரங்கள் இரண்டும் வழுக்கி இறங்கின. நான் கண்ணை மூடிக்கொண்டு கலிமா சொன்னேன். திடீரென்று இரும்பு மண்ணில் குத்திய சத்தம். வண்டி நின்றது. கண்ணைத் திறந்தபோது என் ஜன்னலுக்கு நேர் கீழே வாய்க்காலின் சேறு தெரிந்தது.

இவர் மேல்பக்கமாக இருந்த தன் கதவைத் தள்ளித் திறந்து வெளியே போய், மேலே இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் முழு எடையையும் அந்தப் பக்கம் போட்டுத் தொங்கினார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரலில் பதற்றமே இல்லை. "பயப்படாத. மெதுவா இந்தப் பக்கம் ஏறி வா. ஸ்டியரிங்கப் பிடிச்சுக்க. நான் விட மாட்டேன்" என்றார். அதற்குள் டிராக்டர்காரர் ஓடி வந்து இவர் பக்கத்தில் தொங்கினார். அவர் மனைவி இரண்டு கையையும் நீட்டி, "கையக் குடுங்கக்கா, வந்துருவீங்க" என்று என்னை வெளியே இழுத்துப் போட்டார். வயல் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பெண் பாட்டிலைத் திறந்து என் வாயருகே பிடித்தார்.

பிறகு நாலு பேரும் குனிந்து பார்த்தோம். சரிந்த வண்டி உருளாமல் நின்றதற்குக் காரணம் அந்தப் படி. இரும்புக் குழாய் கரையில் ஆழமாகக் குத்தி வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தது. கயிறு கட்டி இழுக்கலாமென்றால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மரம் கிடையாது. நெல்வயலில் மரத்துக்கு எங்கே போவது? டிராக்டர்காரர் டிரெய்லரைத் திரும்பிப் பார்த்தார். "மொதல்ல சக்கரத்துக்கு அடியில முட்டுக் குடுப்போம்ண்ணே. அப்புறம் டிராக்டர்ல கட்டி இழுத்துரலாம்" என்று டிரெய்லரில் ஏற்றியிருந்த வைக்கோல் கட்டுகளை உருட்டித் தள்ள ஆரம்பித்தார்.

"ஐயோ, விக்கிற கட்டாச்சே" என்றேன்.

"இருக்கட்டும்க்கா" என்றார் அந்தப் பெண். "உளுந்து மேல ஏத்திருந்தா அண்ணன் நொடியில போயிருப்பாரு. இங்கேருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அந்தப் பக்கம் திருப்புனவரு, பயிரப் பாத்துட்டு வாய்க்காப் பக்கம் ஒடிச்சாரு. எங்க வயலுக்காகத்தானே உங்களுக்கு இப்புடி ஆச்சு?"

அந்த நிலம் அவர்களுடையதாம். அந்தப் பெண்ணின் மாமனார் காலத்தில் அதே நிலத்தில் கூலிக்கு வேலை பார்த்துவிட்டு, பிறகு வாங்கியதாம். அந்த உளுந்து எப்படிப்பட்ட உளுந்து என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் முந்தானைக்குப் பதில் புர்காவை இழுத்துச் செருகிக்கொண்டு, அவரோடு சேர்ந்து கட்டு உருட்டினேன்.

கட்டுகளைப் பிரித்துச் சக்கரங்களுக்கு அடியில் திணித்து மிதித்ததும், வண்டி வைக்கோல் மேல் உட்கார்ந்துவிட்டது. இனி கவிழாது. டிராக்டரைக் கட்டி இழுத்தார்கள். நகரவில்லை. தாங்கிப் பிடித்த அதே படி இப்போது ஏர் போல மண்ணைக் கவ்விக்கொண்டு வண்டியை நகரவிடவில்லை.

"அண்ணே, அந்த இரும்பக் கழட்டிட்டா வண்டி வந்துரும்" என்றார் டிராக்டர்காரர்.

"அது இருக்கட்டும்ங்க. மண்ண வெட்டிடுறேன்" என்று இவர் மண்வெட்டியை எடுத்தார்.

வெட்ட வெட்டச் சேறு மறுபடி வந்து அடைத்தது. வெயில் ஏறியது. சட்டை முழுக்கச் சேறு, கை கொப்பளித்துவிட்டது. ஸ்பேனர் பக்கத்திலேயே கிடக்கிறது. மனுஷர் அதைத் தொடவே இல்லை. அந்தப் பெண் என் காதருகே, "அந்த இரும்புல அப்புடி என்னக்கா இருக்கு?" என்றார்.

"எனக்குக் கால் எட்டலன்னு போட்டது" என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் கூடாது என்று சொன்னதை எனக்காகச் செய்தவரிடம் நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லையே என்று அழுதேன். அந்தப் பெண் என் முதுகில் கையை வைத்தார். பிறகு நானாக எழுந்து இவரிடம் போனேன்.

"அதக் கழட்டுங்க மச்சான்."

"வேணாம். இன்னும் கொஞ்சந்தான்."

"வீம்பு பண்ணாதீங்க. கழட்டி உள்ள போடுங்க. வீட்டுக்குப் போயி மாட்டிக்கலாம்."

மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். "யாரு மாட்டுவா? நான் அங்க போயிட்டா இது இப்படியேதான் கெடக்கும். நீயும் ஏற மாட்ட. ஒண்ணாவது நான் போட்டபடி இந்த வீட்ல இருக்கட்டும்னு பாத்தேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. குழாய் ஒழுகினபோது உட்காருங்க என்று சொன்னதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. பக்கத்தில் அன்னியர்கள் நிற்கிறார்களே என்றுகூட நான் பார்க்கவில்லை.

"நீங்கதான் மாட்டணும். வேற யாரையும் நான் தொட விட மாட்டேன்" என்றேன்.

"நாளைக்கு நான் அவங்களுக்குப் பதில் சொல்லணும்."

"சொல்லுங்க. வர முடியாது, வீட்ல ஒரு வேலை பாதியில நிக்கிதுன்னு சொல்லுங்க."

இவர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சேற்றுக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். டிராக்டர்காரர் வேண்டுமென்றே வைக்கோலைச் சரிசெய்யப் போய்விட்டார். இவர் எழுந்து, "அந்த ஸ்பேனர எடு" என்றார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

படி கழன்றதும் டிராக்டர் இழுத்த இழுப்பில் வண்டி வைக்கோல் மேல் ஏறிப் பாதைக்கு வந்துவிட்டது. நடுவில் ஒரு பெரிய வளைவோடு படி மட்டும் மண்ணில் கிடந்தது. அதைக் கழுவி உள்ளே போட்டோம். பிரித்த வைக்கோலுக்கு ஏதாவது வாங்கிக்கொள்ளச் சொன்னால் இரண்டு பேரும் கேட்கவே இல்லை. கிளம்பும்போதுதான் அடுத்த சிக்கல், நான் ஏற வேண்டுமே. இவர் முழங்காலை மடித்துக் குனியப் போனார். அதற்குள் அந்தப் பெண் ஒரு வைக்கோல் கட்டை உருட்டி வந்து, உருண்டு ஓடாதபடி நிமிர்த்தி வைத்து, "இதுல ஏறுங்கக்கா" என்றார். ஏறி உட்கார்ந்ததும் அந்தக் கட்டைத் தூக்கிப் பின்னால் போட்டார். "வீட்ல எறங்கணும்ல? அண்ணன் படிய மாட்டுற வரைக்கும் வச்சுக்குங்க."

எங்கள் தெருவில், எதிர்வீட்டு மாடி நிறைய ஆள் பார்க்க, நான் வைக்கோல் கட்டில் கால் வைத்து இறங்கினேன். உம்மா ஓடி வந்து, சேறும் சகதியுமாக நின்ற இவரையும் கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "நம்ம வீட்ல மாடு இல்லையே மாப்பிள்ள?" என்றார். இவர் சிரித்துக்கொண்டே, "தாகமா இருக்கு மாமி" என்று சொல்லிவிட்டு, யாரையும் எதிர்பார்க்காமல் நேராகச் சமையற்கட்டுக்குள் போய்ப் பானையைத் திறந்து சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்தார். தரையெல்லாம் சேற்றுக் கால். உம்மா வாயைத் திறக்கப் போனார். நான் கண்ணைக் காட்டினேன், சும்மா இருந்துவிட்டார்.

திங்கட்கிழமை இவர் போன் பேசிய சத்தம் கொட்டகையிலிருந்து கேட்டது. நான் சொன்னதை அப்படியே சொன்னார். அன்று சாயங்காலம் படியைப் பூட்டினார், போல்ட்டுகளை நான் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். வளைவை நிமிர்த்தட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். அந்த வைக்கோல் கட்டை மட்டும் இரண்டே நாளில் பக்கத்து வீட்டு ஆடுகள் பிய்த்துத் தின்றுவிட்டன.

இப்போது அந்தக் கொட்டகைதான் இவருடைய ஒர்க்‌ஷாப். வீட்டில் குழாய் ஒழுகினால் நான் இவரைத்தான் திட்டுகிறேன். மாசி வந்தால், அந்த உளுந்து வயல் வரைக்கும், பாதையை விட்டு இறங்காமல் போய் அவர்களைப் பார்த்துவிட்டு வருகிறோம். யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு டயர், கொக்கி, கயிறு என்று பழைய பிரசங்கத்தைத்தான் இன்றும் சொல்கிறார். ஆனால் எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு கேள்வி கேட்கிறார்: "பக்கத்து சீட்ல யாரு உக்காருவாங்க?"

நான் வண்டியில் ஏறும்போது என் கால் அந்த வளைவில்தான் போய்ப் பதிகிறது. இத்தனை வருஷம் அவரை வழியனுப்ப மட்டுமே தெரிந்திருந்த எனக்கு, இருங்கள் என்று சொல்லத் தெரிந்த இடம் அது என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொண்டுதான் மேலே ஏறுகிறேன்.